ஓரத்துச் சிவப்பு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பனியன் துணித் துண்டு கிடக்கிறது. காப்பிப் பழுப்பு. பின்பக்கம் பேனாவால் ‘3’ என்று எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். இரண்டு முறை குப்பையில் போட்டேன். இரண்டு முறையும் நானே பொறுக்கி எடுத்து வந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூர் நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தேன். கேட்ட நிறத்தைச் சின்னத் துண்டில் சாயமேற்றிக் காட்டுவது என் வேலை. அது சரியா தப்பா என்று சொல்வது மாஸ்டரின் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மீட்டர் துணிகூட மெஷினுக்குள் போகாது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிப்பார், அதுவும் இரவல் கிட்டார். பத்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒருவரிடம் தனக்கென்றே ஒன்று செய்யச் சொன்னார்.

நிறத்தில்தான் இழுபறி. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகச் சிவந்து, விளிம்பில் கருத்துப்போகும் ‘பர்ஸ்ட்’ பூச்சு வேண்டும் என்றார். செய்பவர் அச்சடித்த படங்களை அனுப்பினார். தாளில் பார்த்த நிறத்தை மாஸ்டர் நம்பமாட்டார். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவதுபோலத் துணியில் சாயமேற்றி அனுப்புவோம் என்றார். மரத்துக்குப் பூசுகிறவருக்குப் பனியன் துணியை அனுப்பும் கூத்து திருப்பூரில்தான் நடக்கும். சிரித்துக்கொண்டேதான் செய்தேன். நடுவுக்கு ஒரு தேன் நிறம்; ஓரத்துக்கு இரண்டு. இரண்டாம் எண் ரத்தச் சிவப்பு, மூன்றாம் எண் பழுப்பு.

காலை பதினொரு மணி வெளிச்சத்தில், வடக்கு ஜன்னலோரம், வழக்கம்போலத் துணியை நாலாக மடித்துப் பிடித்துப் பார்த்தார். சிவப்பைத் தள்ளி வைத்தார். பழுப்பைத் தூக்கிக் காட்டி, “இதாம்வே செவப்பு! இத ஓரத்துக்குப் போடச் சொல்லும்,” என்றார். பிறகு துண்டை என் பக்கம் நீட்டி, “சரியாத்தான இருக்கு? நீரும் ஒருதடவ நல்லாப் பாத்துச் சொல்லும்வே,” என்றார்.

“கச்சிதமா இருக்குங்க மாஸ்டர்,” என்றேன். சிவப்பை உறைக்குள் வைத்து அனுப்பினேன். பழுப்பு என் சட்டைப்பைக்குப் போனது.

கண்ணை நம்பிப் பிழைக்கிறவர். விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று பயந்தேன். காப்பாற்றுகிறேன் என்று ஒரு பெருமையும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் பார்த்து ஓகே செய்ததையெல்லாம் மறைவாக நான் ஒருமுறை பார்த்து, பிசகினால் திருத்திவைத்தேன். நாலு மாதம் இந்தத் திருட்டுக் காவல் ஓடியது. பிறகு பொங்கலூரில் மச்சினன் கல்யாணத்துக்காக இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது சிவப்பு கேட்ட லாட் முழுவதும் செங்கல் நிறத்தில் மலைபோலக் குவிந்து கிடந்தது. முதலாளி ஆட்களை எல்லாம் கூட்டிவைத்து, “கண்ணு தெரியாத ஆளுக்கு மாஸ்டர் வேல எதுக்குங்க?” என்று கேட்டார். மாஸ்டர் டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் போனார்.

அடுத்த மாதம் கிட்டார் லேப் முகவரிக்கே வந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தார்கள். கண் நரம்பு வாடிவிட்டதாம். தொடக்கத்திலேயே வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாமாம். இனி இருக்கிற பார்வையும் போய்விடுமாம். அவர் மனைவி பெட்டியைத் திறந்து, “எம்மா, என்ன செவப்பு!” என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. துண்டை மாற்றி அனுப்பியதைச் சொன்னேன். மாஸ்டர் கோபப்படவில்லை. கிட்டாரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சுவே,” என்றார். “அதாம் அன்னைக்கு உம்மகிட்ட கேட்டேன்.”

இப்போதும் சர்ச்சில் வாசிக்கிறார். பேரன் கைபிடித்துக் கூட்டிவந்து உட்கார வைக்கிறான். நான் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துண்டை எடுத்து, நாலாக மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். பழுப்புதான். அன்றைக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.