குனிந்தால் வலிக்காத நெஞ்சு

என் சுப்பவைசர் அக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பிலிமத்தலாவைக்கு அருகே துணி தைக்கும் கார்மெண்டில் எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவள்தான். அந்த நன்றிக்காக மூன்று வருடம் அவள் ஏச்சையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஒரு காய்ச்சல் விட்ட நான்காம் நாள் நெஞ்சுக்குள் குத்தத் தொடங்கியது. மூச்சை இழுத்தால் குத்தும், இடது தோள்வரை போகும். ஆனால் தையல் மெசினில் குனிந்து உட்கார்ந்தால் பாதி வலி குறைந்துவிடும். அதுதான் வினையாகப் போனது.

அக்கா என்னைக் கொஞ்சம் படுக்கச் சொல்லி சிக் ரூமுக்கு அனுப்பினாள். கட்டிலில் மல்லாந்ததும் உயிரே போனது. பத்து நிமிடத்தில் எழுந்து மெசினுக்கே ஓடி வந்துவிட்டேன்.

"படுத்தா வலிக்குதாம், வேலை செஞ்சா வலிக்கலையாம்! எந்த ஊரு நோவுடி இது?" லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். "வயித்துல கேஸாத்தான் இருக்கும், சோடா வாங்கிக் குடி. லீவு கீவுன்னு வந்து நிக்காத."

குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. நடிக்கிறேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மெசின் மேலேயே சாய்ந்துவிட்டேன். கூட வேலை செய்த பிள்ளைகள் திரீவீலரில் போட்டுக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கதிரையில் உட்காரவைத்து முன்னால் சாயச் சொல்லி, நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதை என் காதிலேயே மாட்டிவிட்டார். செருப்பை இழுத்து இழுத்து நடப்பதுபோல் உள்ளே ஏதோ உரசியது.

"இருதயத்தச் சுத்தி ஒரு பை இருக்கும்மா. காய்ச்சலுக்குப் பொறகு அது புண்ணாகி வீங்கியிருக்கு. மல்லாந்தா வலி கூடும், குனிஞ்சா கொறையும். இந்த நோவே அப்படித்தான். கவனிக்காம விட்டா பைக்குள்ள தண்ணி சேந்து இருதயத்த அமுக்கவும் கூடும். கொஞ்ச காலம் மருந்து எடுக்கணும், வேலைக்குப் போகக்கூடாது."

நான் அழுதேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

மறுநாள் பின்னேரம் அக்கா திராட்சைப் பழத்தோடு வாட்டுக்கு வந்தாள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தானே உக்காந்திருக்க? திங்கக்கெழம வந்துருவதானே? ஓடர் முடியாம நிக்குது."

நான் தலையணையைத் தள்ளிவிட்டு, அவள் கண்முன்னே மல்லாந்து படுத்தேன். என் முகம் எப்படிப் போனதோ, அவள் முகம் வெளுத்தது. "எந்திரிடி, எந்திரி!" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நர்சைக் கூப்பிட்டு அவள் அலறும்வரை எழும்பவில்லை.