அப்பா எண்ணும்போது குறுக்க பேசக்கூடாது

டீ வாயோரமா வழிஞ்சுது. அப்பா அதத் தொடைக்கல. நான் மொதமொதல்ல பார்த்தது அதத்தான்.

சூடா இருக்குதான்னு கேட்டேன். பதில் சொல்ல வாயத் தொறந்தாரு. சத்தம் வந்துது, வார்த்த வரல. டம்ளரு சாஞ்சு டீ முழுக்க வேட்டியில கொட்டிச்சு. சுட்டிருக்கும். அப்பவும் அவரு வலது கைய நகத்தல. வேலைக்குப் போற அவசரத்துல நான் "என்னப்பா, சின்னப் புள்ளயாட்டம்"னு கோவமா சொல்லிட்டேன். அத நெனச்சா இன்னிக்கும் ஒரு மாதிரி இருக்குது.

என் பேரு கொளஞ்சி. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியில அச்சுக்குள்ள களிமண் கொழம்பு ஊத்தி பொம்மை எடுக்குற வேலை. அப்பா நெல்லு மண்டியில மரக்கா (நெல்லு அளக்குற பெரிய படி) புடிச்சி அளக்குறவரு. அம்மா எனக்கு வெவரம் தெரியறதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. வூட்டுல நாங்க ரெண்டே பேருதான்.

அப்பா போயி இப்ப நாலு மாசம் ஆவுது. உங்க வூட்டுல யாராச்சும் இப்படி விழுந்து கெடந்தா, இல்ல அப்படி கெடக்குறவங்கள பாத்துக்குற படிப்பு நீங்க படிக்கிறீங்கன்னா, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். அழுவாச்சியா எழுத மாட்டேன். எங்க வூட்டுல நாங்க நெறைய சிரிச்சோம்.

பெரியாஸ்பத்திரியில டாக்டரு பக்கவாதம்னு சொன்னாரு (மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிட்டு ஒரு பக்கத்து கை காலு விழுந்து போறது). வலது பக்கம் விழுந்தா சில பேருக்கு பேச்சும் போயிடுமாம். புத்தி இருக்கும், வார்த்ததான் வராதாம். ரத்தக் கொதிப்பு இருந்துருக்குது, அது எங்களுக்குத் தெரியல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப் புண்ணு (ஒரே எடத்துல அழுந்தி தோலு செத்துப் போறது) வந்துடும்னாரு.

"தெரியும் சார். பச்ச பொம்மையும் அப்படித்தான். ஒரே பக்கமா காய வச்சா கோணிக்கும்"னேன்.

டாக்டரு தலைய நிமித்தி என்னப் பார்த்து சிரிச்சாரு. அந்த வார்டுல நான் கேட்ட மொத சிரிப்பு அது.

வூட்டுக்குக் கொண்டாந்தோம். நான் வேலைக்குப் போற நேரத்துல பக்கத்து வூட்டு ராபியா மாமி வந்து பாத்துப்பாங்க. சாயங்காலம் வந்து கஞ்சி ஊட்டுறது, தொடைக்கிறது, தொவைக்கிறது எல்லாம் நான். ஒரு மாசத்துல எனக்கு இடுப்பு போச்சு. அப்பா கண்ண மூடிக்கிட்டே இருப்பாரு. தூங்கல, வெக்கம். பெத்த பொண்ணு தொடைச்சு உடுறாளேன்னு.

நல்லூர்ல இருந்து சித்தப்பா வந்தாரு. கெட்டவரு இல்ல. எனக்கு ஒரு வழி பண்ணணும்னு அவருக்குக் கவலை. கடலூர் பக்கம் ஆதரவு இல்லாதவங்கள வச்சுக்குற எடம் ஒண்ணு இருக்குதாம். பாத்துக்க ஆளு இல்ல, புத்தியும் கலங்கிப் போச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு வர்ற படிப்புக்காரங்க எழுதிக் குடுத்து, அவங்க டீச்சரு வந்து பாத்து கையெழுத்துப் போட்டா சேத்துப்பாங்களாம். எல்லாத்தையும் விசாரிச்சுட்டுதான் வந்துருந்தாரு. நான் வேணாம்னேன். "உன் இடுப்ப பாரு மொதல்ல"ன்னாரு. நான் இடுப்பப் புடிச்சுக்கிட்டே அப்பாவத் திருப்பிப் படுக்க வைக்கப் போனேன்.

அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தாரு. அன்னிக்கு சாப்பிடல.

சித்தப்பா ஆஸ்பத்திரியில சொல்லி வச்சு, அப்படித்தான் சுகுணா அக்கா எங்க வூட்டுக்கு வந்தாங்க. மெட்ராஸ்ல சமூகப்பணின்னு ஒரு படிப்பு. வயசானவங்க, முடியாதவங்க வூட்டுக்கெல்லாம் மூணு மாசம் போயி பழகணுமாம். கொடை, கண்ணாடி, பெரிய நோட்டு. மொத நாளு அப்பா தலைமாட்டுல ஒக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் என்னத்தான் கேட்டாங்க. சாப்பிடுறாரா, தூங்குறாரா, கோவப்படுறாரா. அப்பா அவங்க கொடையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

ரொம்ப நல்லவங்க, ஆனா ஒண்ணும் தெரியாது. ஸ்பூனு ஸ்பூனா கஞ்சி ஊட்டுனாங்க, அப்பா வாய இறுக்கி மூடிக்கிட்டாரு. ஒருநாளு நான் தடுக்குறதுக்குள்ள அக்குளுல கைய உட்டு ஒரே தூக்கா தூக்குனாங்க. ரெண்டு பேரும் கட்டில்ல விழுந்தாங்க. கண்ணாடி ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். அப்பா சிரிச்சாரு. பாதி மூஞ்சி மட்டும் சிரிச்சுது, ஆனா சிரிச்சாரு. ராபியா மாமி வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏம்மா, நோயாளி யாரு இதுல?"ன்னாங்க.

அதுக்கு மறுநாளு அக்கா என்ன வெளிய கூப்புட்டு மெதுவா சொன்னாங்க. "கொளஞ்சி, உங்க சித்தப்பா சொல்றது தப்பில்ல. உனக்கு பத்தொம்பது வயசுதான் ஆவுது. நான் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

நான் உள்ள போயி ஒல வச்சேன். அழுவ வந்தா எதாச்சும் வேல செய்யறது என் பழக்கம். ரேஷன் அரிசிய படியில மொண்டு சட்டியில போட்டேன். மொத படி உழுந்துது.

கட்டில்லேருந்து கொரலு வந்துது. "லாபம்."

கை நின்னு போச்சு எனக்கு. அப்பா கொரலு. ஏழு வாரம் கழிச்சு. அடுத்த படிய மெதுவா போட்டேன். "ரெண்டு"ன்னாரு. "மூணு"ன்னாரு. அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கு ஏழு படி சோறு பொங்குற அளவுக்கு அரிசிய கொட்டிட்டு, அப்புறம் திரும்ப அள்ளுனேன்.

சுகுணா அக்கா நோட்டுல என்னமோ எழுதுனாங்க. என்னன்னு கேட்டா, பணத்த நெனச்சு பொலம்புறாரு, நெனவு தடுமாறுதுன்னு எழுதுறாங்களாம். நான் அந்த நோட்டு மேல கைய வச்சுட்டேன்.

"அக்கா, அவரு எண்ணுறாரு. மண்டியில மொத மரக்காவ யாரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் சொல்லணும். அப்புறம்தான் ரெண்டு. இத்தினி வருஷமா அவரு வாயி அதத்தான் சொல்லிச்சு. அவரு சரியாத்தான் இருக்காரு."

அக்கா என் கைய நகத்திட்டு நோட்ட எடுத்தாங்க. அப்புறம் எழுதுனத அடிச்சாங்க. கோடு போட்டு இல்ல, பேப்பரே கிழியிற மாதிரி.

மறுநாளு அப்பாவ கட்டில் ஓரமா ஒக்கார வச்சேன். கால தரையில ஊனிக்கிட்டாரு. "லாபம்"னு சொல்லி எடது கால வச்சாரு. "ரெண்டு"ன்னு வலது கால இழுத்தாரு. எண்ணிக்க இருந்தா காலு வந்துது. வெறுமன நடங்கன்னு சொன்னா வரல. டாக்டருகிட்ட சொன்னேன், சில பேருக்கு பழகுன எண்ணிக்க, பாட்டு இதெல்லாம் மட்டும் தங்கும், அதப் புடிச்சிக்கன்னாரு.

நாலாவது அடியில சுகுணா அக்கா சந்தோஷம் தாங்காம, "சபாஷ் ஐயா"ன்னாங்க. அப்பா நின்னாரு. திரும்புனாரு. கட்டிலுக்கே போயி ஒக்காந்தாரு. மறுபடியும் "லாபம்".

மண்டி வழக்கம் அது. அளக்குறவரு எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. பேசிட்டா போட்டத எல்லாம் கொட்டிட்டு மொதல்லேருந்து அளப்பாரு. யாவாரிங்க மூச்சு கூட உட மாட்டாங்க. எங்க அப்பாவுக்கு கை போச்சு, பேச்சு போச்சு, அந்த வழக்கம் மட்டும் போவல.

அக்காவுக்கு வாயி சும்மா இருக்காது. படிப்புல தைரியம் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துருக்காங்க. "நல்லா வர்றீங்க"ன்னுவாங்க, அப்பா திரும்பிடுவாரு. "பாத்து பாத்து"ன்னுவாங்க, திரும்பிடுவாரு. கடைசியில நான் சொல்லிட்டேன், "அக்கா, நீங்க பேசாம இருந்தா அவரு வாசலுக்குப் போயி சேந்துடுவாரு." அன்னியிலேருந்து அவங்க பென்சில கடிச்சுக்கிட்டு நின்னாங்க. ரெண்டு வாரத்துல மூணு பென்சிலு. ஒவ்வொண்ணும் எலி கடிச்ச மாதிரி.

தூக்குறதையும் உட்டாங்க. பக்கத்துல நிப்பாங்க, கைய நீட்டி வப்பாங்க, அவரு புடிச்சா புடிக்கட்டும்னு. கஞ்சி கிண்ணத்த எடது கைக்கு எட்டுற மாதிரி வச்சுட்டு திரும்பிப்பாங்க. பாதி கீழ கொட்டும். மீதிய அவரே குடிப்பாரு. கொட்டுனத தொடைக்கும்போது எனக்கு இடுப்பு வலிச்சதா ஞாபகமே இல்ல.

மூணு மாசம் முடிஞ்சு அவங்க டீச்சரு வந்தாங்க. சித்தப்பாவும் கடலூர் எடத்துப் பேப்பரோட வந்து ஒக்காந்துட்டாரு. டீச்சரு பாத்து சொல்றதுதான் முடிவுன்னு பேச்சு. ராபியா மாமி செவுத்துக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு ஓதிக்கிட்டு இருந்தாங்க.

அப்பா எழுந்தாரு. லாபம், ரெண்டு, மூணு. ஆறு வரைக்கும் வந்துட்டாரு. டீச்சரு மரியாதையா கைய கூப்பி, "வணக்கங்க ஐயா"ன்னாங்க.

அப்பா நின்னாரு. திரும்பி கட்டிலுக்குப் போயிட்டாரு.

சித்தப்பா பேப்பர நீட்டுனாரு. "பாத்தீங்களாம்மா, இதான் நெலம. வர்றாரு, திரும்புறாரு. எங்க போறோம்னே தெரியல."

சுகுணா அக்கா பென்சில வாயிலேருந்து எடுத்தாங்க. அவங்களுக்கு மார்க்கு போடுற டீச்சரு அது. ஆனாலும் நேரா பாத்து சொன்னாங்க. "மேடம், ஐயா எண்ணும்போது குறுக்க பேசக்கூடாது. இப்ப மொதல்லேருந்து வருவாரு. நாம பேசாம இருக்கணும்."

டீச்சரு வாய மூடிக்கிட்டாங்க. சித்தப்பாவும் ஏன்னு புரியாமயே மூடிக்கிட்டாரு. தெருவுல ஒரு மாட்டுவண்டி போற சத்தம் மட்டும் கேட்டுது. லாபம். ரெண்டு. ஒம்போதுல கொஞ்சம் ஆடுனாரு. யாரும் புடிக்கப் போவல. புடிக்காம நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பதினாலுல வாசப்படி. அங்க போட்டுருந்த நாற்காலியில ஒக்காந்து, வேட்டிய சரி பண்ணிக்கிட்டு, சித்தப்பாவப் பாத்து சொன்னாரு. "டீ."

எண்ணிக்க இல்லாத மொத வார்த்த அது. சித்தப்பா பேப்பர மடிச்சு சட்டப் பையில போட்டுக்கிட்டு, "இருண்ணே, வாங்கியாறேன்"னு தூக்கு எடுத்துக்கிட்டு கடைக்குப் போனாரு. அதுக்கப்பறம் கடலூர் பேச்ச எடுக்கல.

டீச்சரு கேட்டாங்க, "சுகுணா, இதுல நீ என்ன பண்ணுன?"

"பேசாம இருந்தேன் மேடம்."

டீச்சரு சிரிச்ச சிரிப்புல மாமி செவுத்து மேல தலைய நீட்டி பாத்தாங்க. அப்புறம் டீச்சரு என் பக்கம் திரும்பி, இனிமே வருஷா வருஷம் புள்ளைங்கள அனுப்புறேன், நீதான் சொல்லிக் குடுக்கணும்னாங்க. எனக்கு என்னா தெரியும்னேன். "இதுதான் எங்களுக்குத் தெரியல"ன்னாங்க.

அப்பா அதுக்கு மேல நாலு வருஷம் இருந்தாரு. வலது கை கடைசி வரைக்கும் வரல, ராத்திரியில நான்தான் திருப்பிப் படுக்க வைக்கணும். பேச்சு முப்பது, நாப்பது வார்த்ததான். நெசத்த சொல்லணும், எல்லாம் திரும்பி வந்துடாது. ஆனா டீக்கடைக்குத் தானா போனாரு. வர்ற புள்ளைங்கள மொரைச்சாரு, சிரிச்சாரு. என் கல்யாணத்தப் பத்தி கேட்டா கைய ஆட்டி என்னக் காட்டுவாரு, அவளயே கேளுன்னு. பக்கவாதம் ரெண்டாவது தடவ வந்தப்ப ஒரு மத்தியானத்துல முடிஞ்சு போச்சு. மாமி பக்கத்துல இருந்தாங்க. நான் கம்பெனியில அச்சுக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தேன். அது மட்டும்தான் ஆறல.

அவரு போனப்பறமும் என் ஒடம்பு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திடுக்குனு எழுந்திருக்கும், திருப்பிப் போடணுமேன்னு. கையில கனமே இல்லாம நடக்கறது எப்படின்னு எனக்குத் தெரியல.

போன வாரம் இந்த வருஷத்து புள்ளைங்க வந்தாங்க. சுகுணா அக்காதான் கூட்டியாந்தாங்க, இப்ப அவங்களே அந்தக் காலேஜில டீச்சரு. இத எழுதச் சொன்னதும் அவங்கதான். கட்டிலு வெறுமனா கெடந்துது. புள்ளைங்க யாரும் அதப் பாக்கல. யார வச்சு பழகுறதுன்னு அக்காவுக்கும் கேக்க வாயி வரல.

நானே போயி படுத்தேன்.

அந்தக் கயித்துக் கட்டில்ல நான் படுத்தது அதான் மொத தடவ. திட்டக்குடிக்காரப் பொண்ணு ஒருத்தி, மரகதம், வந்து பக்கத்துல நின்னா. கைய நீட்டி வச்சா. எதுவும் சொல்லல, இழுக்கல. டக்குனு எழுந்து அடுத்த வேலைய பாக்கலாம்னு நெனச்சேன். ஒடம்பு வரல. இடுப்பு, தோளு, காலு எல்லாம் எவ்ளோ கனம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அஞ்சு வருஷமா அந்த ஒடம்பு என்னோடதுன்னே நான் நெனச்சதில்ல.

நேரம் போச்சு. எவ்ளோன்னு தெரியல. அவ கை அங்கயே இருந்துது. எனக்கு சிரிப்பு வந்துது, கண்ணும் ஒழுகிச்சு, ரெண்டையும் தொடைக்கல. எனக்கு எப்ப தோணுதோ அப்ப எழுந்திருக்கலாம்னு இருந்துது. அப்புறம் ஒரு கால தரையில வச்சேன்.