வாடாமல்லிக் கலர்க் கத்தி

போன வருசம் மாசி மாசமுங்க. திருப்பூர்ல, பனியன் கம்பெனிகளுக்கு நடுவால இருக்கற என்னோட பவுடர் கோட்டிங் பட்டறையில ஆரம்பிச்சுது. இரும்புச் சாமான் மேல கலர்ப் பவுடரை அடிச்சு, ஓவன்ல வெச்சு வேக வெப்போம். துருப் புடிக்காது, பளபளன்னு இருக்கும். கம்பெனி ரேக்கு, ஜன்னல் கிரில்லு, இதுதான் நம்ம பொழப்பு.

அன்னைக்கு மத்தியானம் ஒருத்தர் வந்தாரு. அம்பது வயசிருக்கும். தோள்ல ஒரு சாக்குப் பை. இடது கை முழுசாத் துண்டுக்குள்ள. பையைக் கவுத்தாரு பாருங்க, எனக்கு டீ பொரையேறிருச்சு. பன்னெண்டு கத்தி! புடியோட சேத்து ஒரே இரும்பு, நுனி லேசா வளைஞ்சிருக்குது. ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு தகர உறை. ஒவ்வொரு புடியிலயும் பனியன் வேஸ்ட் துணி ஒரு துண்டு கட்டியிருக்குது. ரோஸ், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லின்னு பன்னெண்டும் பன்னெண்டு கலரு.

"துணி என்ன கலரோ அதே கலரு கத்திக்கும் உறைக்கும் அடிக்கோணுங்க. வாய்ப் பக்கம் மட்டும் படக்கூடாது, கூரு போயிரும்."

"எதுக்குங்ண்ணா இத்தனை கலரு?"

"ஆளுக்கொண்ணுங்க. பாத்தவொடனே கண்ணுல படோணும்."

இந்தக் கத்தியில என்ன வேலை செய்வாங்கன்னு கேக்க வந்தேன், பயத்துல முழுங்கிட்டேன். ஊரு காங்கேயம் பக்கம்னாரு, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிஞ்ச கத்தி ரெண்டே ரெண்டுதானுங்க. ஒண்ணு வெங்காயம் அரியறது, இன்னொண்ணு கேக் வெட்டறது. ஆனா என் மூளை சும்மா இருக்குமா? பன்னெண்டு பேரு கும்பல், ஆளுக்கு ஒரு கலரு, துண்டுக்குள்ள பதிமூணாவது கத்தின்னு கணக்குப் போட்டிருச்சு.

ஊட்டுல சொன்னேன். சம்சாரம் சிரிச்சா. "எந்த ரவுடியாவது ரோஸ் கலர்ல கத்தி கேப்பானா? போயி வேலையப் பாருங்க."

"அதுதான் தந்திரம்"ன்னேன். அவ தலையில அடிச்சுட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா.

வாய்ப் பக்கம் சூடு தாங்கற டேப்பை ஒட்டி பதினொண்ணுக்கு அடிச்சேன். வாடாமல்லித் துணி கட்டினதை மட்டும் பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன். நாளைக்குப் போலீசு வந்து கேட்டா சாட்சிக்கு ஒண்ணு வேணுமில்லீங்களா? வாங்க வந்தவருகிட்ட, "வாடாமல்லிப் பவுடர் தீந்துபோச்சுங்க, நாளைக்குத் தாரேன்"னு கூசாமப் புளுகினேன்.

"அந்தம்மா காத்துட்டிருக்குமுங்க"ன்னாரு. கும்பல்ல பொம்பளை வேறயான்னு எனக்கு இன்னும் திக்குன்னு ஆச்சு.

நாலு நாள் தெனமும் போன் பண்ணினாரு. நாலு நாளும் நாளைக்குன்னேன். அஞ்சாம் நாள் எனக்குள்ள இருந்த துப்பறியற ஆளு முழிச்சுக்கிட்டான். அந்தக் கத்திக்கும் கலரை அடிச்சு, "நானே கொண்டாந்து தாரேனுங்க, எடத்தைச் சொல்லுங்க"ன்னேன்.

காங்கேயம் தாண்டி, தோப்புக்கு நடுவால ஒரு தேங்காய்க் களம். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திட்டுப் பின்பக்கமாப் பதுங்கிப் போனேன். ஆளு ஒசரத்துக்குத் தேங்கா மட்டையைக் குவிச்சு வெச்சிருந்தாங்க. அதுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்து வேவு பாக்கலாம்னு குனிஞ்சேன்.

"ஏனுங்க! அங்க உக்காராதீங்க!"

கத்தின வேகத்துல ஒரு அம்மா ஓடி வந்து என் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்துது. நான் உக்காரப் போன எடத்துல, மட்டையோட மட்டையா, துருப் புடிச்ச பழைய கத்தி ஒண்ணு நுனி மேல பாத்துட்டுக் கெடக்குது. மட்டையும் அதே நெறம், கத்தியும் அதே நெறம். ஒரு சாண் கீழ போயிருந்தா, இந்தக் கதையை நான் நின்னுட்டேதான் எழுதியிருக்கோணும்.

"இதைத்தானுங்க காலைலிருந்து தேடிட்டிருக்கேன்"னுது அந்தம்மா.

அப்பத்தான் களத்தைப் பாத்தேன். பொம்பளைங்க வரிசையா உக்காந்து, காஞ்ச தேங்காயை ஓட்டிலிருந்து நோண்டிக் கொப்பரையாக்கிட்டு இருக்காங்க. கையில ரோசும் பச்சையும் மஞ்சளும் மின்னுது. களத்து மேஸ்திரி டீயோட வந்தாரு. என்கிட்ட கத்தி கொண்டாந்த அதே ஆளு. டம்ளரை நீட்டினப்போ துண்டு விலகுச்சு. இடது கையில ரெண்டு வெரல் பாதிதான் இருந்துது.

"போன வருசம் மட்டையை அள்ளக் கைய வுட்டேனுங்க. உள்ளாற கத்தி கெடந்தது தெரியலை. அதுக்குத்தான் கலரு. அவங்கவங்களுக்குப் புடிச்ச கலர்த் துணியை அவங்களே கட்டிக் குடுத்தாங்க"ன்னாரு.

வாடாமல்லி கேட்டதும், அது வராமப் பழைய கத்தியோட ஓட்டிட்டிருந்ததும் என்னை இழுத்த அந்தம்மாதான்னாரு. கத்தியை அதுங்கிட்டக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எனக்கு மட்டும் ஏனுங்க இத்தனை நாளு? இந்தப் பவுடரு அத்தனை கிராக்கியா?"ன்னுது.

ஆமான்னு தலையாட்டியிருக்கலாம். முடியலை. பீரோ, சாட்சி, கும்பல், எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தம்மா வயித்தைப் புடிச்சுட்டு சிரிச்சுது. "அடியே, நாம ரவுடிங்களாமா!"ன்னு களம் பூராக் கேக்கறாப்புல சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மேஸ்திரி மட்டும் சிரிக்கலை. அந்தப் பழைய கத்தியை எடுத்து, துருவைத் துண்டுல தொடைச்சு, "இதுக்கும் ஒரு கலரு அடிச்சுக் குடுங்க"ன்னு என் கையில வெச்சாரு.

அதுக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்தேன். இப்பல்லாம் யாரு மேல சந்தேகம் வந்தாலும் மொதல்ல வாயைத் தொறந்து கேட்டுடறேனுங்க. நான் கேக்காம முழுங்கின ஒரு கேள்விக்காக, என்னைக் காலரைப் புடிச்சுக் காப்பாத்துன அந்தம்மா அஞ்சு நாளு கண்ணுக்குத் தெரியாத கத்தியோட வேலை செஞ்சுதேங்கறது இன்னைக்கும் உறுத்துது.