வளைகுழாயில் ஒரு நீல வட்டம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்த வளைகுழாய் இன்னும் என் பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

என் தங்கையின் கணவர் பழைய உல்லாசப் படகு ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே சிறிய படுக்கை அறை. மறுநாள் விடியுமுன் கிளம்புவதாகவும், தங்கையும் குழந்தையும் அதில் தூங்கிக்கொண்டே வருவதாகவும் திட்டம்.

இஞ்சினின் புகையை வாங்கி வெளியே தள்ளும் மேனிஃபோல்டு உப்பில் அரித்துப் போயிருந்தது. அதில் ஓட்டை விழுந்தால் புகை படுக்கை அறைக்குள் போகும். தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கழற்றினேன். வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். துளி அரும்பும் இடத்தில் நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவது என் பழக்கம். இரண்டு வட்டங்கள் விழுந்தன. அந்த ஓட்டைகளைப் பற்றவைத்து அடைத்தேன். பிறகு ஒழுகவில்லை; திரும்ப மாட்டினேன்.

அதோடு இணையும் வளைகுழாயை மட்டும் கழற்றவில்லை. அது படுக்கை அறைப் பலகையை ஒட்டிய இடுக்கில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பக்கம் நன்றாகத்தான் இருந்தது.

“உங்க வீட்டு அக்காவைக்கூட இவ்வளவு அக்கறையா பாத்திருக்க மாட்டீங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “முடிஞ்சுதா?”

“ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவர் டீ வாங்கப் போனார்.

மாலை ஐந்தே கால். மழை. இஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் படுக்கை அறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தேன்.

டக்... டக்... டக்.

உள்ளேயிருந்து. இரும்புச் சத்தம் அல்ல. விரல் மூட்டால் பலகையைத் தட்டும் சத்தம்.

இஞ்சினை நிறுத்தினேன்.

டக்... டக்... டக்.

உள்ளே போனேன். யாருமில்லை. தலை கனத்தது. கையும் காலும் வேறு யாருடையவோ போல இருந்தன. பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

தலையணை மேல் என் நீலச் சாக்கட்டி.

நான் அதைக் கருவிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

தட்டல் தலைமாட்டுப் பலகையில் கேட்டது. அதற்கு மறுபக்கம்தான் வளைகுழாய். வெளியே வந்து, இடுக்கில் சிறு கண்ணாடியை நுழைத்து, டார்ச் அடித்தேன்.

குழாயின் பின்புறம்... ஒரு நீல வட்டம்.

நடுவில் ஓட்டை. சுற்றிலும் கரி.

என் கை அங்கே நுழையாது.

சின்னக் கை... நுழையும்.

தட்டல் நின்றது.

“என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” கையில் டீயோடு மாப்பிள்ளை.

“நாளைக்குப் போக வேண்டாம்.”

“உங்க தங்கச்சி என்னைக் கொன்னுடுவா.”

“திட்டட்டும். உயிரோட இருந்து திட்டட்டும்.”

மறுநாள் படகை விற்றவருக்குப் போன் செய்தேன். வளைகுழாயில் ஓட்டை, படுக்கைப் பக்கம் என்று மட்டும் சொன்னேன். தட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.



“புதுசு மாத்தித்தானே குடுத்தேன்... மறுபடியும் அதே இடமா?”

“அதே இடம்னா?”

“என் பொண்ணு அங்கதான் தூங்குனா. எழுந்திருக்கல.”

 

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அவ தட்டுனது... உங்களுக்காவது கேட்டுச்சா?”