குளிர வைத்த பெட்டி

தஞ்சாவூரில் வீட்டுக்குப் பிளான் போட்டுத் தரும் குழந்தைராஜுக்கு 2008-ல் கரண்டை மிச்சம் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அதிராம்பட்டினம் ஹபீப் முகம்மதுதான் பிடிக்க வைத்தவர்.

"ஏசி இல்லாமக் குளுகுளுன்னு ஒரு வீடு வேணும். கரிப்புகை கொறையணும்ல? பிளான் போடுற ஆபீசு மொதல்ல கொறைக்கட்டும் இன்ஜினியர் சார்."

மறுநாளே மேசைகள் ஜன்னலோரம் நகர்ந்தன. பகல் விளக்குகள் போயின. சைட்டுக்குக் காரில் போனவர் சைக்கிள் மிதித்தார். அவர் தொப்பையைக் கண்டு சைக்கிளே அழுதது.

"இனிமே மூச்ச உள்ள இழுக்கலாம், வெளிய விடக்கூடாதுன்னு சொல்லுவாரு பாருங்க," என்றாள் படம் வரையும் அருள்செல்வி, பெருக்க வரும் பூவம்மாளிடம்.

ஆனால் மீட்டர் சக்கரம் மட்டும் வெறிநாய் துரத்தியதுபோல் ஓடியது. ஆபீஸ் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது.

"சார், ஆபீசுல பேய் இருக்கு. லீவு நாள்ல ஏசி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கு!" என்றாள் அருள்செல்வி.

குழந்தைராஜ் சிரிக்கவில்லை. எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பின் அறை டேவிட்சனுடையது. கூட்டாளி. ஆற்றில் தண்ணீர் வராமல், வீடு கட்ட ஆளில்லாமல் போன சமயத்தில் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். தினமும் சாயங்காலம் அவன் அறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இவர் அவனோடு எழுத்தில் அரட்டை அடிப்பார். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள், "இருடா, வர்றேன்" என்று தட்டிவிட்டு எழுந்து போனவன் திரும்பவில்லை. வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அவன் போன் கொஞ்ச நாள் அடித்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தியதே இல்லை. நிறுத்தினால் அவன் பக்கத் திரையில் இவர் பெயர் மங்கிவிடும். வந்து பார்த்து, ஆளில்லை என்று போய்விட்டால்? கரண்டு போனால் பேட்டரி, சூடானால் ஏசி. எல்லா விளக்கையும் நிறுத்திய மனுஷர், இதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி சைட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "பூவம்மா, டேவிட்சன் பொட்டி கொதிக்குது. குளிர வச்சிட்டுப் போங்க," என்றார். அவர் நினைத்தது ஏசியைக் கூட்டுவதை.

காலையில் அறையைத் திறந்தால் நிசப்தம். கம்ப்யூட்டர் இரைச்சல் இல்லாமல் அந்த அறையை அவர் கேட்டதே இல்லை. கறுத்த திரையில் ஒரு முகம் அவரைப் பார்த்தது. அது தன்னுடையதுதான் என்று புரிவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

"யாரு அணைச்சது?"

பூவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யய்யோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க! வெளக்க யாராச்சும் அணைப்பாங்களா? நீங்க சொன்ன மாதிரி குளிரத்தாங்க வச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அதெப்படி? அணைச்சா முடிஞ்சுபோச்சு. குளிர வச்சா, நாளைக்கு ஏத்தலாம்."

பட்டனை அழுத்தினார். திரை விழித்தது. டேவிட்சன் பெயர் மங்கலாக, கீழே அதே 'இருடா, வர்றேன்'. இரவில் யாரும் வந்த சுவடு இல்லை. நாலு வருஷமாகவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "சாயங்காலம் குளிர வச்சிட்டுப் போறேன்டா. காலையில இருப்பேன்," என்று தட்டினார்.

அன்று சாயங்காலம் அவரே குளிர வைத்தார். ஏசியையும்.

திங்கட்கிழமை காலை, ஒரு சுவிட்சும் போடும் முன் அருள்செல்வி மீட்டரைப் பார்த்தாள். சக்கரம் நிற்கவில்லை. நத்தை போல, வர மனசில்லாதவன் நடப்பது போல, நகர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் ஆஃப்ல இருக்கு சார். எங்கியோ கசியுது. எலெக்ட்ரீசியனக் கூப்பிடவா?"

குழந்தைராஜ் மீட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"வேணாம், இரும்மா," என்றார். "வர்றவன் மெதுவா வரட்டும்."