ஆறாத ஹைட்சுங்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் வெந்நீர் வேண்டுமென்றால் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டியிருந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு பழைய வீட்டின் கூரைக்குக் கீழே நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். குளியலறைச் சுவரில் கேஸில் எரியும் கொதிகலன் ஒன்று தொங்கியது. குழாய்க்கு வெந்நீர் தருவதும் அதுதான், குளிர்காலத்தில் அறைச் சுவர்களில் இருக்கும் ஹைட்சுங் என்ற சூடேற்றும் இரும்புத் தட்டுகளைச் சூடாக்குவதும் அதுதான். கோடை வந்ததும் அதன் குமிழைக் குழாய்ப் படத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். ஹைட்சுங்குகள் ஆறிவிடும், வெந்நீர் மட்டும் வரும். அந்த வருடமும் திருப்பினேன், ஆறவில்லை. குளியலறையில் வெந்நீரைத் திறந்த கொஞ்ச நேரத்தில் படுக்கையறை ஹைட்சுங் கைவைக்க முடியாதபடி சுட்டது. அதைத் தனியாக மூடும் திருகும் துருவேறி இறுகிக் கிடந்தது.

வேறு யாருக்கும் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். என் கணவருக்கு அப்படியில்லை. அவருக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால்கள் அவர் சொல் கேட்காது, பார்வை மங்கும், பேச்சுக் குழறும். குளிர்ந்த நீரை ஊற்றினாலோ தொடைகள் விறைத்து இழுக்கும். இளஞ்சூட்டு நீர்தான் அவருக்குச் சரி. அந்த நீருக்காகக் கொதிகலனைப் போட்டால், கூரை வெயிலோடு ஹைட்சுங் சூடும் சேர்ந்து அறை அடுப்பாகிவிடும்.

ஆகவே கொதிகலனை அணைத்துவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மத்தியானம் வேலை முடிந்து மாடியேறி வந்ததும் கெட்டில், வாளி, மறுபடி கெட்டில். ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அள்ளி ஊற்றுவேன். பாதிக் குளியலில் தண்ணீர் முடிந்துபோகும். ஈரத்தோடு அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்கு ஓடுவேன். குனிந்து குனிந்து என் நாரி, இடுப்பின் பின்பக்கம், பிடித்துக்கொண்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் குனிந்து நிமிரும்போது என் முகம் போகிற போக்கை அவர் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். ஒருநாள் மேலே வந்து குமிழைப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு. கோடைக்கு மாத்தித்தான் வச்சிருக்கிறீங்க” என்று ஜெர்மனில் சொன்னார். ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்த்தார். கொதிகலன் அணைந்திருந்ததால் அது குளிர்ந்து கிடந்தது. “இப்ப போட்டுக் காட்டுறேன், கொஞ்சம் நில்லுங்க” என்றேன். வெயிலுக்கு எல்லா வீடும் சூடுதான் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். பழுதுபார்க்கும் நிறுவனத்துக்கு நானே அழைத்தேன். ஆள் பற்றாக்குறை, மாதக் கடைசியில்தான் டெர்மின், ஆள் வர நாள் தரலாம் என்றார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவசரம், வருகிறது என்றால் அவசரமில்லையாம். என் கணவரின் நோயைப் பற்றிச் சொன்னேன். போனில் பேசிய பெண் வருத்தப்பட்டாள். டெர்மின் மாறவில்லை.

அந்த வாரத்திலேயே மோசமான வெயில் நாளொன்றில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைகழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். ஒரு கால் மடங்கியிருந்தது. மற்றக் காலின் கெண்டைச்சதை குளியலறை ஹைட்சுங்கோடு ஒட்டியிருந்தது. அவர் அதை அறியவில்லை. அந்தக் காலில் உணர்ச்சி குறைந்து நாளாகிவிட்டது.

குழாயை மூடினேன். அக்குளில் கைகொடுத்து அவரை இழுத்தேன். சதை சிவந்து, ஓரத்தில் கொப்பளம் எழும்பியிருந்தது.

“எப்ப விழுந்தனீங்கள்?”

“தெரியேல்ல.” நாக்குத் தடுக்கியது. “போன் அறைக்குள்ள கிடக்கு.”

“நான் வருமட்டும் பொறுத்திருக்கலாமே?”

“உமக்கு நாரி நோகுது. அதான் நானே கொதிகலனைப் போட்டனான்.”

ஈரத்துணியைக் காலில் சுற்றினேன். என்னால் அவரைத் தூக்க முடியவில்லை, அவராலும் எழும்ப முடியவில்லை. ஓட்டுத்தரையில் அவருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். அவர் சொன்னார்.

“இஞ்ச, ஒண்டு சொல்லுறன். கோவிக்காதையும்.”

“சொல்லுங்கோ.”

“நீர் வேலை செய்யிற ஹைமில ஒருக்கால் கேட்டுப் பாரும், எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமோ எண்டு. அங்க லிஃப்ட் இருக்கு. குளிக்க வாக்க ஆக்கள் இருக்கு. உம்மையும் ஒவ்வொரு நாளும் பாக்கலாம்.”

அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் நான் சூப் கொண்டுபோய்க் கொடுக்கும் மனிதர்களுக்கு அவர் மகன் வயது. இதை அவர் இப்போது நினைத்துச் சொல்லவில்லை, பல நாள் யோசித்து வைத்திருந்தார் என்பது குரலில் தெரிந்தது. மறுக்க என்னிடம் பலமில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எழுந்து கொதிகலனுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் பார்த்தேன். குழாய்கள் வரிசையாக இறங்கின. மஞ்சள் பிடி போட்டது கேஸ், அதைத் தொடக்கூடாது என்று தெரியும். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சூடான ஒன்றைச் சுவர் வழியே படுக்கையறை வரை பின்தொடர்ந்து போனேன். அதுதான் ஹைட்சுங்குகளுக்குப் போகிற குழாய். கொதிகலனுக்கு அடியில் அதற்கு ஒரு சிறிய மூடுதிருகு இருந்தது.

“என்ன செய்யிறீர்?”

“மூடப் போறன்.”

“ஏதும் வெடிச்சால்?”

“வெடிக்கட்டும்.”

அதை மெய்யாகவே சொன்னேன். குறடு ஒன்றை எடுத்து வந்து திருகைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. முழு உடம்பையும் கொடுத்தேன். முனகிக்கொண்டு திரும்பியது. வெந்நீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். கொதிகலன் பற்றிக்கொண்டது, குழாயில் சூடாகத் தண்ணீர் வந்தது. ஹைட்சுங்கில் மெல்ல மெல்லச் சூடு இறங்கியது. தரையில் இருந்தபடியே அவர் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஆறுது” என்றார். பிறகு அழத் தொடங்கினார். அவர் அழுவதை அதற்கு முன் ஒரேயொரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவரைத் தூக்க அடுத்த வீட்டுப் பையன்களை அழைத்தேன். டெர்மின் நாளில் வந்தவர், உள்ளே ஒரு வால்வு பாதியில் சிக்கிக்கொண்டதால்தான் சூடு இரண்டு பக்கமும் போனது என்று சொல்லிப் புதியது மாட்டினார். நான் திருகை மூடியது ஆபத்தில்லை, ஆனால் இனி இப்படிக் கைவைக்க வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சூடு குறைந்தால் கால் பலம் திரும்பிவிடும் என்று டாக்டர் முன்பெல்லாம் சொல்வார், திரும்பியும் இருக்கிறது. இந்தத் தடவை முழுதாகத் திரும்பவில்லை. விழுந்ததாலா, வெயிலாலா, நோய் தன்பாட்டில் கூடியதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை தடியூன்றி யன்னல் வரைக்கும் நடந்த என் கணவர் பிறகு நடக்கவில்லை.

ஹைமில் கேட்டேன். இப்போதைக்கு இடமில்லை, பெயரை எழுதி வைக்கிறோம் என்றார்கள். எழுதச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவரிடம் அதைச் சொன்னபோது தலையாட்டிவிட்டு, “குளிக்கச் சுடுதண்ணியைத் திறவுமன்” என்றார்.