பிடியில் ஒட்டிய சந்தனம்

என் காரின் டூல்ஸ் பெட்டியில் ஒரு பழைய டூத் பிரஷ் கிடக்கிறது. ஏசி துவாரங்களில் சேரும் தூசியைத் தட்ட அதைத்தான் எடுப்பேன். நார்களெல்லாம் வளைந்து, அடிப்பக்கம் மட்டும் மஞ்சள் ஏறிப்போன பிரஷ். என் மனைவி இரண்டு முறை குப்பையில் போட்டாள், இரண்டு முறையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அது ஹவில்தாருடையது. அவர் அதைக்கொண்டு தேய்த்தது பல்லை அல்ல, ஒரு கைத்துப்பாக்கியின் பிடியை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜாவில் ஒரு தங்க வியாபாரிக்கு நான் கார் ஓட்டினேன். முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். அவருக்கு மெய்க்காவலாக வந்தவர்தான் ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பியதும் ஒரு ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள் என்று கசப்போடு சொல்வார். மகள் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை இந்த வேலை நிலைத்தால் போதும், பிறகு யார் போகச் சொன்னாலும் போய்விடுவேன் என்பதுதான் தினமும் அவர் சொல்லும் பிரார்த்தனை. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அதனால் அந்தப் பிரார்த்தனை எனக்கும் மனப்பாடம்.

துப்பாக்கி வாங்கப் போன அன்று காரை ஓட்டியது நான். உரிமம் எப்படிக் கிடைத்தது என்பதையெல்லாம் டிரைவரிடம் சொல்லமாட்டார்கள். அர்பாப் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. காவல்காரன் கையில் ஆயுதம் இருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அவருடைய நகைக்கடைக்கு வரும் பெண்கள் பயந்துவிடுவார்கள். கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். நானாக இருந்தால் பார்க்க அழகானதைக் கேட்டிருப்பேன். ஹவில்தாரோ புடவைக்கடையில் முந்தானையைத் தடவிப் பார்க்கும் பெண்களைப் போல, மூன்றின் பிடியையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் இடுப்பில் செருகி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். கடைக்காரருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

பெரியதன் பிடி அரம் போல முரடு. கையில் எடுத்தால் நழுவாது, ஆனால் நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்திருந்தால் இடுப்புத் தோலை உரித்துவிடும். இரண்டாவது வழவழப்பு. உடம்புக்குச் சுகம், வியர்த்த கைக்கு ஆபத்து. மூன்றாவது சிறியது. அதன் பிடியில் நெருக்கமான மெல்லிய வரிகள், தீப்பெட்டியின் உரசும் பக்கம் போல. அதைத்தான் அவர் எடுத்தார். "கையும் புடிக்கணும், இடுப்பும் பொறுக்கணும் தம்பி" என்றார். பெண் பார்த்துவிட்டு வந்தவர் போல, திரும்பும் வழியெல்லாம் முகத்தில் ஒரு நிறைவு.

அப்படியும் அந்த ஊர்ப் புழுக்கத்தில் இடுப்பு சிவந்துபோனது. பனியனை உள்ளே ஒரு மடிப்பு மடித்து வைத்துக்கொண்டார், பவுடர் போட்டுக்கொண்டார். நடக்கும்போது அவரை அறியாமல் வலது கை அங்கே போகும். "என்ன அண்ணே, பிள்ளைத்தாச்சி மாதிரி இடுப்பைத் தாங்கிக்கிட்டே நடக்கிறீங்க" என்று சீண்டுவேன். அவர் சிரிக்கமாட்டார், கையைக் கீழே போட்டுவிடுவார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கோட்டுக்குள் இருப்பது எங்கள் மூவரைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருடத்து ஆயுத பூஜை வந்தது. அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் கும்பிட்டோம். நான் கார் சாவியைப் படத்தின் முன் வைத்தேன். ஹவில்தார் தோட்டாக்களைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, துப்பாக்கியை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் கிடத்தினார். அவருடைய படைப்பிரிவில் அன்றைக்கு ஆயுதங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பார்களாம். ரோலாவில் வாங்கிய சந்தனப் பொடியைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்தார். பொட்டோடு விட்டிருக்கலாம். மனம் நிறையவில்லை போலும், மூன்று விரலால் பிடியின் இருபுறமும் இழுத்துப் பூசினார். கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். மகளுக்காக வேண்டியிருப்பார். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் இடுப்பில் செருகினார். துணிக்கு எட்டியது மேலே இருந்த சந்தனம் மட்டும். வரிகளுக்குள் இறங்கியது அப்படியே உலர்ந்து, வரியையே மூடியிருந்தது.

அன்று மதியம் கடையில் நல்ல கூட்டம். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அர்பாபுக்கும் ஹவில்தாருக்கும் பின்னால் போயிருந்தேன். வெளி வெயிலில் நின்றுவிட்டு வந்ததில் ஹவில்தார் தொப்பலாக நனைந்திருந்தார். உள்பக்கம் ஏதோ கண்ணாடித் தட்டு விழுந்து நொறுங்கியது. வெடி போல ஒரு சத்தம். அவர் ஒரே எட்டில் அர்பாபை மறைத்து நின்றார், கை கோட்டுக்குள் போனது. வியர்வை பட்டுச் சந்தனம் குழைந்திருக்க வேண்டும். பாதி வெளியே வந்த துப்பாக்கி சோப்புக்கட்டி போல நழுவிச் சலவைக்கல் தரையில் விழுந்து, சுழன்றுகொண்டே போய், வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் காலடியில் நின்றது. நல்லவேளை, வெடிக்கவில்லை. ஹவில்தார் தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் மறக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

அர்பாப்தான் குனிந்து எடுத்தார். விரலில் பிசுபிசுத்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அத்தர் தெரிந்த மனிதர், என்னவென்று உடனே புரிந்திருக்கும். அவர் கத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மாலையில் ஹவில்தாரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, உன் கும்பிடு மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி நீ என் பக்கத்தில் நின்று பயனில்லை என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். கடைசியாக, "கலாஸ், பாய்" என்றார், அவ்வளவுதான், முடிந்தது என்று.

துப்பாக்கியை ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்ய அனுமதி கேட்டார் ஹவில்தார். கொடுத்தார்கள். தோட்டாவை மட்டும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். தன் பிரஷ்ஷை எடுத்து, குளியலறைத் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தேய்த்தார். நுரை மஞ்சளாக ஓடிற்று. "எதுக்கு அண்ணே இவ்வளவு?" என்றேன். "அடுத்து வர்றவனுக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கும் தம்பி" என்றார். துடைத்து, எண்ணெய் போட்டு, என் முகத்தருகே நீட்டினார்.

"வாசனை போயிடுச்சா பாரு."

லேசாக இருந்தது. "போயிடுச்சு அண்ணே" என்றேன். பிரஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

நானும் ஊர் திரும்பிப் பல வருடமாகிவிட்டது. அம்மாவைச் சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துப் போயிருந்தபோது, ஒரு நகைக்கடை வாசலில் நீளத் துப்பாக்கியோடு அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மகளைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டா. இப்போ துணிக்கடையில நிக்கறா" என்றார்.

அன்றைக்கும் ஆயுத பூஜை. கடைப்பெண் ஒருத்தி கிண்ணத்தோடு வந்து கதவுக்கும் தராசுக்கும் பில் மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சந்தனம் தொட்ட விரல் துப்பாக்கியை நோக்கி நீண்டது. ஹவில்தார் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இதுக்கு வேணாம்மா."

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கே வேணாமா தாத்தா?" என்று சிரித்தபடி அவள் உள்ளே போனாள். அவர் என் பக்கம் திரும்பவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். துப்பாக்கி இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

அம்மாவை நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் விட்டுவிட்டுக் காருக்கு வந்து டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். பிரஷ்ஷை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தூசி வாசனையும் ஆயில் வாசனையும்தான். அன்று அவருக்காகச் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. திரும்ப நடந்துபோய் அவரிடம் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போகவில்லை.